வியாழக்கிழமை பி.டி. பீரியட்

"மிஸ், எங்க பி.டி. பீரியட வாராவாரம் கணக்கு மிஸ் பிடுங்கிக்கிடுதாங்க. நீங்க கேக்கவே மாட்டீங்களா?"

ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் கேட்டாள் பெனிட்டா.

அவள் எங்கள் பதினொன்றாம் வகுப்பு லீடர். ராஜகனி மிஸ் எங்கள் பி.டி. டீச்சர். பெயருக்குத்தான். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து எங்களை மைதானத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"பீரியட் கெடச்சா என்ன செய்வ?"

"விளையாடுவோம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது மிஸ். உக்காந்து உக்காந்து முதுகு வலிக்கு."

மிஸ் ஹெச்.எம். அறைக்குப் போய்விட்டு வந்தார்.

"இந்த வாரம் பாக்கலாம்னு சொல்லுதாங்க. விளையாடினா பீரியட் உங்களுக்கு. இல்லன்னா வருசம் முழுக்கக் கணக்குக்கு."

"அது போதும் மிஸ்."

வியாழக்கிழமை மிஸ் ஒரு த்ரோபாலைக் கொண்டுபோய் மைதானத்தின் நடுவில் வைத்தார். திரும்பி வந்து மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் காற்றடிக்கிற பம்பு. விசில்கூட ஊதவில்லை.

நாங்களும் நிழலில் உட்கார்ந்தோம்.

"எந்திரிங்கட்டி," என்றாள் பெனிட்டா.

"நீ முதல்ல போ."

"எல்லாரும் வந்தா வாரேன்."

"வெயில் அடிக்கி."

அப்படி ஒன்றும் அடிக்கவில்லை.

"நான் இன்னைக்குத்தான் தலைக்குக் குளிச்சேன்."

"பக்கத்துப் பாய்ஸ் ஸ்கூல் மாடியில இருந்து பாக்கானுவ."

மாடியில் ஒரு காக்கா இருந்தது.

"மிஸ் சொல்லட்டும், போவோம்."

மிஸ் சொல்லவில்லை.

அப்புறம் யாரோ நேற்றுப் பார்த்த ரீல்ஸைப் பற்றி ஆரம்பித்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. நடுவில் பெனிட்டா எழுந்தாள். பின்னால் யாரும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

பெல் அடித்தது.

வராந்தாவில் கணக்கு மிஸ் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். நேரே ஹெச்.எம். அறைக்குள் போனார்.

பெனிட்டா ராஜகனி மிஸ்ஸிடம் ஓடினாள்.

"மிஸ், பீரியட் போச்சு. இன்னும் ஒரே ஒரு வாரம் கேளுங்க மிஸ்."

"பந்த எடுத்துட்டு வா."

ஓடிப் போனாள். திரும்பும்போது பாதி வழியிலிருந்து நடைதான். மூச்சு இரைத்தது. வருகிற வழியில் பந்தை அமுக்கிப் பார்த்தாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"என்ன மிஸ் இது, பந்துல காத்தே இல்ல. இத வச்சுக்கிட்டு எப்படி விளையாடுறது?"

கோபமாகத்தான் கேட்டாள்.

மிஸ் மடியிலிருந்த பம்பை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"வைக்கும்போதே இல்ல. உனக்கு எப்படிட்டி தெரிஞ்சிச்சு?"