பெரும்புள்ளியும் புள்ளிமானும்

இலுப்பைக் காட்டுக் குளக்கரையில், வெறும் தரையில் முட்டையிட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தது ஓர் ஆட்காட்டிக் குருவி. அதன் கண்ணில் படாமல் அந்தக் காட்டில் ஓர் எறும்புகூட நகர முடியாது. ஒரு நாள் நண்பகலில், எல்லா மிருகங்களும் நிழல் பார்த்துத் தூங்கிய நேரத்தில், ஒரு திருட்டும் அதன் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

திருடு போனது இலுப்பைப் பூ. மழைக்காலத்துக்கு ஆகுமென்று எல்லா மிருகங்களும் பொறுக்கி, காயவைத்து, குளக்கரை ஆலமரப் பொந்தில் சேர்த்து வைத்திருந்த பூ. திருடியவர் அந்தப் பொந்தைக் காக்கும் குழுவின் தலைவர் கரடியார். மற்ற மிருகங்களை 'அது', 'இது' என்று சொல்லும் நாம் இவரை மட்டும் 'அவர்' என்கிறோமே என்று கேட்காதீர்கள். காட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மாலையில் காட்டுப்பன்றி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தது. பின்னாலேயே கீரி ஏட்டும் வந்தது.

"திருடினவனைப் பார்த்தியா?" என்று இன்ஸ்பெக்டர் உறுமியது.

ஆட்காட்டி தன் முட்டைகளைப் பார்த்தது. கரடியார் அந்தப் பக்கமாக நடந்து போனால் முட்டைகள் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தது. பெயரில்தான் ஆட்காட்டி; ஆளைக் காட்டத் தைரியம் வரவில்லை.

"பார்த்தேங்க. ஆனா பேர் சொல்ல மாட்டேன். ஒரு பெரும்புள்ளிங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

"பெரும்புள்ளி!" இன்ஸ்பெக்டருக்கு மூக்கு விடைத்தது. "ஏட்டு, குறிச்சுக்கோ. புள்ளி. பெரிய புள்ளி."

ஊரில் செல்வாக்கு உள்ளவர்களைப் பெரும்புள்ளி என்று சொல்வது உங்களுக்கும் எனக்கும் தெரியும். காட்டுப்பன்றிக்கு அது தெரியவில்லை. கிழங்கு தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. பேச்சில் ஒளிந்திருப்பதைத் தோண்டத்தான் வராது.

மறுநாள் காலை, புள்ளிமான் கூட்டம் முழுவதையும் குளக்கரையில் வரிசையாக நிறுத்தினார்கள். கீரி ஏட்டு ஒரு நெல்லிக்காயை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மானாக அளந்தது. எல்லா மான்களின் புள்ளிகளையும் நெல்லிக்காய் மறைத்துவிட்டது. செவ்வந்தி என்ற மானின் இடுப்பில் இருந்த ஒரே ஒரு புள்ளி மட்டும் நெல்லிக்காய்க்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"ஐயா, சிறுத்தைக்கும் புள்ளி இருக்கே, அதை அளக்க வேண்டாமா?" என்று கீரி கேட்டது.

"நெல்லிக்காயை எடுத்துக்கிட்டு நீ போய் அளந்துட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்."

கீரி நெல்லிக்காயோடு மான்கள் பக்கமே திரும்பிக்கொண்டது. மற்ற மான்களை மேய விரட்டிவிட்டு, செவ்வந்தியின் கழுத்தில் கொடியைப் போட்டார்கள்.

"எதுக்கு ஐயா என்னைப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டது செவ்வந்தி.

"ஸ்டேஷனுக்கு வா, சொல்றோம்."

ஸ்டேஷன் என்பது ஒரு பாறைக் குகை. அங்கே போனதும் செவ்வந்தி மறுபடி கேட்டது.

"எதுக்குன்னு உனக்கே தெரியும்," என்றது இன்ஸ்பெக்டர்.

"எனக்குத் தெரியாதே."

"தெரியாத மாதிரி நடிக்கிறியா? ஏட்டு, அதையும் குறிச்சுக்கோ."

"என் கூட்டத்துக்காவது தகவல் சொல்லி விடுங்க ஐயா."

"அதுக்கென்ன, காக்கா காடு பூரா சொல்லிக்கிட்டுத்தான் போகுது."

உண்மைதான். காவல் துறையின் முரசுக் காகம் அந்த நேரத்தில் காட்டின் ஏழு முக்குகளிலும் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. "கேளுங்க, கேளுங்க! இலுப்பைப் பூ திருடின பெரும்புள்ளி பிடிபட்டது! செவ்வந்தி மான்தான் திருடி!" முக்குக்கு மூன்று தடவை கத்தியது. ஏழாவது முக்கு ஆற்றுத்துறை. மான் கூட்டம் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தது.

குகை வாசலில் ஒரு பழைய மரப்பட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. காட்டுக் குற்றவாளிகளின் பட்டியல் அதுதான். கீரி தன் நகத்தால் 'செவ்வந்தி' என்று அதில் ஆழமாகக் கீறியது. புல்லும் இல்லாமல், சரியாகத் தண்ணீரும் இல்லாமல் செவ்வந்தி குகைக்குள் இரண்டு நாள் நின்றது. வெட்கத்தில் அதற்கு அழுகைகூட வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆட்காட்டி பறந்து வந்தது. செய்தி கேட்டு அதற்கு மனசு ஆறவில்லை.

"என்னங்க இது அநியாயம்? நான் பெரும்புள்ளின்னுதானே சொன்னேன்?"

"ஆமா. இதைவிடப் பெரிய புள்ளி எந்த மானுக்கு இருக்கு? அளந்து பார்த்துத்தான் பிடிச்சோம்."

"ஐயோ, பெரும்புள்ளின்னா பெரிய இடத்து ஆளுங்க! உடம்புல இருக்கிற புள்ளி இல்லீங்க!"

கீரி கையில் இருந்த நெல்லிக்காயைப் பார்த்தது. பிறகு, வேறு வழி தெரியாமல் அதைத் தின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமியது. அதுவரை 'வா, போ' என்று பேசிய வாய் சட்டென்று இனித்தது. "அம்மா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. நீங்க கிளம்பலாம். விட்டுட்டோமேன்னு சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

செவ்வந்தியும் சந்தோஷமாகத்தான் ஓடியது. அந்தச் சந்தோஷம் ஆற்றுத்துறை வரைக்கும்தான் இருந்தது.

மழை வரும் காலம் அது. மழை பிடித்தால் ஆறு பெருகிவிடும்; இந்தக் கரையில் மேய்ச்சலும் இருக்காது, சிறுத்தைக்குப் பயந்து ஒதுங்க இடமும் இருக்காது. அதனால் மான் கூட்டம் ஆண்டுதோறும் வெள்ளத்துக்கு முன்பே அக்கரை மேட்டுக்குப் போய்விடும். அடுத்த நாள் மாலை புறப்பாடு.

கூட்டத்தின் தலைவி கொடிமுல்லை, செவ்வந்தியின் கூடப் பிறந்த அக்கா. அது தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பேசியது.

"நீ எங்களோட வர முடியாது செவ்வந்தி. மத்தவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

"என்னை விட்டுட்டாங்க அக்கா. நான் திருடலை."

"எனக்குத் தெரியும்டி. ஆனா பட்டையில உன் பேரு இருக்கு. காக்கா ஏழு முக்குலயும் கத்துச்சு, எல்லாரும் கேட்டாங்க. விட்டுட்டாங்கன்னு யாரு கத்தினா?"

தனியாக இந்தக் கரையில் நின்றால் சிறுத்தைக்கு இரையாக வேண்டியதுதான். செவ்வந்தி நேராக ஸ்டேஷனுக்குத் திரும்பி ஓடியது. "பட்டையில இருந்து என் பேரை எடுங்க ஐயா," என்று கேட்டது.

"அதான் விட்டாச்சே, இன்னும் என்ன? கீறினது கீறினதுதான். எடுக்கிற வழக்கம் இங்கே இல்லை," என்றது இன்ஸ்பெக்டர். 'அம்மா' போய்விட்டது, கவனித்தீர்களா?

திரும்பும் வழியில் செவ்வந்தி ஒரு வளை வாசலில் நின்றது. அது முள்ளம்பன்றி வக்கீலின் வளை. பெயரில் பன்றி இருப்பதால் இன்ஸ்பெக்டருக்கு மாமனோ மச்சானோ என்று நினைத்து, அந்த வக்கீலிடம் யாரும் வழக்குக் கொடுப்பதில்லை.

"நீங்க இன்ஸ்பெக்டருக்குச் சொந்தமா?" என்று செவ்வந்தியும் கேட்டுவிட்டது.

வக்கீல் பெருமூச்சு விட்டது. "நான் எலி வம்சம் அம்மா. பேரை வெச்சு ஆளை முடிவு பண்றது எவ்வளவு கொடுமைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைச் சொல்லுங்க."

செவ்வந்தி சொல்லச் சொல்ல, வக்கீல் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி வாழை இலையில் எழுதிக்கொண்டது. எழுதி முடிப்பதற்குள் அதன் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன.

"ஏன் பிடிக்கிறோம்னு காரணம் சொல்லலை. வீட்டாருக்கு முறையாத் தகவல் கொடுக்கலை. பிடிச்சப்போ சூரியன் இருந்த இடத்துக்கு மறுநாள் அது திரும்பி வர்றதுக்குள்ள நீதிபதி முன்னாடி நிறுத்தணும், அதுவும் செய்யலை. நம்ம காட்டுச் சட்டத்தில இதெல்லாம் இருக்கு அம்மா. அதோட விட்டுட்டாங்கன்னு உங்க உரிமை முடிஞ்சு போகலை. அங்கிருந்துதான் ஆரம்பம்."

மறுநாள் காலை நீதிபதி யானையின் முன் வழக்கு வந்தது.

"கனம் நீதிபதி அவர்களே," என்று ஆரம்பித்தது வக்கீல். அந்தக் காட்டில் இந்த வார்த்தை எந்தவிதத்திலும் பொய்யில்லை.

"இரண்டு நாள் ஏன் என் முன்னால் கொண்டுவரவில்லை?" என்று யானை கேட்டது.

"நீங்க குளிச்சுக்கிட்டிருந்தீங்க அம்மா," என்றது இன்ஸ்பெக்டர்.

"இரண்டு நாளுமா?"

"நீங்க குளத்துல இறங்கினா எப்ப எழுந்திருப்பீங்கன்னு யாருக்கும்..."

யானை காதை ஒரு தரம் விசிறியது. இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"செவ்வந்தி, உனக்கு என்ன வேண்டும்?"

"என் பேரு வேணும் அம்மா. எடுத்தவங்களே திருப்பித் தரணும்."

யானை யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. "பட்டையிலிருந்து பெயரைச் செதுக்கி எடுக்க வேண்டும். பட்டினி போட்ட இரண்டு நாளுக்கு ஈடாக இன்ஸ்பெக்டரின் மேய்ச்சலிலிருந்து இரண்டு நாள் புல் கொடுக்க வேண்டும். எந்த வாய் 'திருடி' என்று கத்தியதோ, அதே வாய் அதே ஏழு முக்குகளிலும், அதே மூன்று தடவை, அதே சத்தத்தில் 'திருடி இல்லை' என்று கத்த வேண்டும். இன்ஸ்பெக்டர் கூடவே நடந்து போக வேண்டும்."

கீரி பட்டையைச் செதுக்கியது. செவ்வந்தி கூச்சப்படாமல் இரண்டு நாள் புல்லையும் நின்று நிதானமாகத் தின்றது. அது அதன் பங்கு அல்லவா?

பிறகு ஊர்வலம் புறப்பட்டது. முதல் முக்கில் காகம் முணுமுணுப்பாக ஆரம்பித்தது.

"சத்தம் பத்தலை," என்றது செவ்வந்தி. "அன்னைக்கு இப்படியா கத்தினே?"

காகம் கத்தியது. இரண்டாவது முக்கு, மூன்றாவது முக்கு என்று போகப் போக அதன் குரல் கம்மியது. திருடி என்று கத்தும்போது வராத தொண்டைக் கட்டு இதற்கு வந்துவிட்டது. ஆறாவது முக்கில் மூன்றாவது தடவையும் கத்தி முடித்தபின் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

மாலை ஆகியிருந்தது. வானம் கறுத்து, தூரத்தில் இடி கேட்டது.

"ஆறு முக்கு முடிஞ்சுதே. போதும்னு வெச்சுக்கலாமே அம்மா," என்றது இன்ஸ்பெக்டர். 'அம்மா' திரும்பி வந்துவிட்டது.

"எனக்கு ஏழாவதுதான் ஐயா வேணும்," என்றது செவ்வந்தி.

ஆற்றுத்துறைக்குப் போனபோது மான் கூட்டம் அக்கரை ஏறிவிட்டிருந்தது. கொடிமுல்லை மட்டும் அக்கரை மணலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு கலங்கலாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரம் போனால் நீந்த முடியாது.

காகம் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

செவ்வந்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தது. "காக்காவைக் கத்தச் சொன்ன வாய் எது ஐயா?"

இன்ஸ்பெக்டர் ஆற்றைப் பார்த்தது, மானைப் பார்த்தது. முட்டாள்தான், ஆனால் கெட்ட பன்றி இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, காடே அதிரும்படி கத்தியது.

"கேளுங்க, கேளுங்க! செவ்வந்தி மான் திருடலை! நான்தான் தப்பாப் பிடிச்சேன்! வார்த்தை புரியாமப் பிடிச்சது என் தப்பு!"

மூன்று தடவை கத்தியது. மூன்றாவது தடவை கேட்டபோது, மேட்டில் ஏறிப்போன மான்கள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பி வந்தன. கொடிமுல்லை கழுத்தை நீட்டி அழைத்தது. "சீக்கிரம் வாடி! தண்ணி ஏறுது!"

செவ்வந்தி ஆற்றில் பாய்ந்தது. நீரோட்டம் அதைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனாலும் அது கரையேறியது. அக்காவும் தங்கையும் நனைந்த கழுத்தோடு கழுத்தை உரசிக்கொண்டு நின்றார்கள்.

இதையெல்லாம் ஆட்காட்டி இக்கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்று காலைதான் அதன் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வந்து ஓடத் தொடங்கியிருந்தன. இனி யாருக்குப் பயம்? பறந்து வந்து இன்ஸ்பெக்டரின் முதுகில் உட்கார்ந்தது.

"ஐயா, இந்தத் தடவை பேரையே சொல்றேன். கரடி."

அன்றிலிருந்து அந்தக் காட்டில் கரடியை யாரும் 'அவர்' என்று சொல்வதில்லை. பொந்தைக் காலி செய்த கரடியை மறுநாள் சூரியன் அதே இடத்துக்கு வருவதற்குள், காரணம் சொல்லி, அதன் வீட்டுக்குத் தகவலும் சொல்லி, யானையின் முன் நிறுத்தினார்கள். கரடிக்கும் அந்த உரிமை உண்டு என்று வாதாடியது முள்ளம்பன்றி வக்கீல்தான்.

தவறாகப் பிடித்தவர்கள் நம்மை விட்டுவிட்டால் மட்டும் போதாது. அவர்கள் கெடுத்த நம் பெயரை அவர்கள் வாயாலேயே திருத்தித் தரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் உரிமை.