இடிக்காமல் பறக்க

சிதம்பரதாணு தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களைப் பரிசோதிக்கிறவர். சரக்கு அறைகளில் சாரம் கட்டி ஏறி, இரும்புச் சுவர்களில் விரிசல் தேடியே தலை நரைத்தவர். முழங்கால் மக்கர் பண்ணவும், ட்ரோன் ஓட்டப் பழக வந்தார். சொல்லிக் கொடுத்தவள் ஜெனோவா. அவர் மகளைவிடச் சின்னவள். அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அவர்கள் ஏறியது ஒரு பழைய கப்பல். நிலக்கரி ஏற்றப் போகிறது. காலியாகக் கிடந்த சரக்கு அறைக்குள் இருவரும் இறங்கினார்கள். தேரை நிறுத்தலாம் போல அத்தனை உயரம்.

ஜெனோவா ரிமோட்டை அவரிடம் நீட்டினாள்.

"நானா?"

"நீங்கதான் அண்ணாச்சி."

ட்ரோன் எழும்பி, அறையின் நட்டநடுவில் போய் நின்றது. அங்கேயே சுற்றியது. திரையில் சுவர்கள் மங்கலாகத் தெரிந்தன.

"பக்கத்துல போங்க."

"இடிச்சிரும் டீச்சர்."

கொஞ்சம் போவார். சுவர் பெரிதாகும். வெடுக்கென்று பின்னால் இழுத்துவிடுவார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

மேல்தளத்திலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்தார். "விரிசல் ஒண்ணும் இல்லைல்லா? சரக்கை ஏத்தச் சொல்லட்டுமா?"

சிதம்பரதாணு ட்ரோனைக் கீழே இறக்கினார்.

"டீச்சர், சுவர்ல இடிக்காம ஓட்ட நான் எப்பத்தான் படிப்பேன்?"

ஜெனோவா ரிமோட்டை வாங்கினாள். ட்ரோனை எழுப்பினாள். நேரே கொண்டுபோய்ச் சுவரில் மோதினாள்.

"ஆத்தாடி!" கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது, ட்ரோன் தன்னைச் சுற்றியிருந்த உருண்டைக் கூண்டோடு சுவரில் பந்து மாதிரி உருண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

"அந்தக் கூண்டு எதுக்கு அண்ணாச்சி?"

"உள்ள இருக்க விசிறி உடையாம இருக்க."

"எதுல இடிச்சு உடையாம இருக்க?"

அவர் கூண்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

டங். டங். ஒவ்வொரு மோதலுக்கும் ஓர் "ஆத்தாடி". எட்டிப் பார்த்த மாலுமிகள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார். சாரம் கட்டிய நாளில்கூட அவர் தலை நுழையாத இடுக்கு ஒன்று உண்டு, இரும்புச் சட்டத்துக்குப் பின்னால். ட்ரோன் இடித்து இடித்து அதற்குள் நுழைந்தது.

சிரிப்பு நின்றது.

துருவுக்கு நடுவே மயிரிழை போல ஒரு கோடு. வெல்டிங்கில் தொடங்கி, கீழே ஒரு முழம் ஓடியிருந்தது.

"கேப்டனைக் கூப்பிடுங்க," என்றார் சிதம்பரதாணு.

கேப்டன் இறங்கி வந்து திரையைப் பார்த்தார். அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்தார்.

"வெளிக்கடல்ல அலை ஜாஸ்தி," என்றார் மெதுவாக. "இதோட போயிருந்தா…"

பிறகு மேலே பார்த்துக் கத்தினார். "சரக்கு ஏத்தாதீங்க! வெல்டரைக் கூட்டிட்டு வாங்க!" துருவும் வியர்வையுமாக நின்ற சிதம்பரதாணுவை அப்படியே கட்டிக்கொண்டார்.

ஏணியில் ஏறும்போது சிதம்பரதாணு கூச்சத்தோடு கேட்டார்.

"டீச்சர், மொத்தம் எத்தனை தடவை இடிச்சிருப்பேன்?"

"தெரியல அண்ணாச்சி," என்றாள் ஜெனோவா. "நான் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."