துண்டுக்குள்ள ரெண்டு கை

கேக்கறீங்களா கண்ணுகளா? ஒரு ஊரு, அந்த ஊருக்கு நடுவால ஒரு ஆறு. ஆத்துக்கு இந்தக் கரையில ஒரு அக்கா, அந்தக் கரையில ஒரு தங்கச்சி இருந்தாங்களாம். அக்கா பேரு பவளாயி, தங்கச்சி பேரு ரங்காத்தா. சின்னதுல ரெண்டு பேரும் ஒரே கம்பளிக்குள்ள படுத்ததுங்க. படுத்தா தூங்குச்சுங்களா? உங்களாட்டத்தான்! கம்பளிக்குள்ளயே விரல் விளையாட்டு. ஒருத்தி விரலை நீட்டுவா, இன்னொருத்தி தொட்டுப் பாத்தே எத்தனைன்னு சொல்லோணும். ரங்காத்தாவுக்குச் சுண்டுவிரல் கோணல், கெணத்து உருளையில மாட்டி நசுங்குனது. ஆட்டம் முடிஞ்சா அந்தக் கோணல் விரலாலயே அக்கா உள்ளங்கையைச் சுரண்டி விட்டுட்டுச் சிரிப்பா. இதை மறந்துராதீங்க, அப்பறம் வேணும்.

அப்பறம் ரெண்டும் பெருசாயி, ஆளுக்கொரு கரைக்கு வாக்கப்பட்டுப் போச்சுங்க. பொறந்த வீட்டுச் சீரா ஆளுக்கொரு பசு வந்துச்சு. அந்தப் பசுங்க போட்ட காளைங்களாட்டம் அந்தச் சீமையிலயே வேற இல்ல. அந்த நாட்டு ராசா கோயிலுக்கு விடறதுக்கு வருசத்துக்கு ஒரு காளை வாங்குவாரு. ஒண்ணே ஒண்ணுதான். அக்கா காளையா தங்கச்சி காளையா, ஏதாச்சும் ஒண்ணு.

அந்தக் காளையை வாங்கற சந்தையில ஒரு வழக்கம். விலையை வாயால சொல்லக் கூடாது. கை மேல துண்டைப் போட்டு, உள்ள விரலைப் புடிச்சுத்தான் பேசோணும். விரலுக்கு ஒரு வண்டி சோளம். பக்கத்துல நிக்கறவனுக்குக்கூட என்ன விலைன்னு தெரியாது. அதோட, இந்தக் கரை மாடு மேக்கு வாசல்ல கட்டோணும், அந்தக் கரை மாடு கெழக்கு வாசல்ல கட்டோணும்.

மொத வருசமே அக்காளும் தங்கச்சியும் பேசி வெச்சுக்கிட்டாங்க. "அஞ்சு விரலுக்குக் கொறையக் கூடாது புள்ள. ஆரு காளை போனாலும் சோளத்துல பாதி பாதி"ன்னா அக்கா. "செரிக்கா"ன்னா தங்கச்சி.

இதைக் கேட்டுக்கிட்டே இருந்தான் செங்கோடன்னு ஒரு தரகன். ராசா அவனுக்கு அஞ்சு வண்டி குடுத்துருவாரு, பேசி மிச்சம் புடிக்கறது அவனுக்கு. இதுங்க ரெண்டும் ஒண்ணா நின்னா அவனுக்கு என்ன மிஞ்சும்? தவுடுகூட மிஞ்சாது. நேரா மேக்கு வாசலுக்கு வந்தான். துண்டைப் போட்டான்.

"அம்மிணி, உங்க தங்கச்சி நாலுக்கு எறங்கிட்டாங்க."

"எறங்க மாட்டா. பேசி வெச்சிருக்கோம்."

"பேசுனீங்க. ஆனா அஞ்சுல பாதி பெருசா, நாலு முழுசா பெருசா? அவிக கணக்குப் போட்டுட்டாங்க. நீங்க மூணுன்னா உங்க காளை, இல்லீன்னா அவிக காளை."

பவளாயி பயந்து போயிட்டா. காளை போகலீன்னா வருசம் பூராத்துக்கும் சோளமில்ல. ரெண்டு விரலை மடக்கிட்டா.

ரங்காத்தா எறங்கவே இல்ல கண்ணுகளா! அவஞ் சொன்னது பச்சப் பொய்யி. ஆனா இவ மடக்குனதும் கெழக்கு வாசலுக்கு ஓடிப்போயி, "உங்க அக்கா மூணுக்கு எறங்கிட்டாங்க"ன்னு சொன்னாம் பாருங்க, அது நெசம். இவ நம்புனதால அந்தப் பொய்யி நெசமாயிப் போச்சு. அவ அழுதுக்கிட்டே ரெண்டுக்கு எறங்க, அப்பறம் இவ ஒண்ணுக்கு எறங்க, கடைசியில ஒத்தை விரலுக்குக் காளை போச்சு. மிச்ச நாலு வண்டி ஆரு வீட்டுக்குப் போச்சு? ஆமா, அவன் வீட்டுக்குத்தான்.

ஒருத்திகிட்ட ஒருத்தி போயிக் கேட்டாளுங்களா? கேட்டிருந்தா அன்னிக்கே வெளிச்சமாயிருக்கும். கேக்கலையே! "என்னைக் கைவிட்டுட்டாளே"ன்னு இவளுக்கு ரோசம், அவளுக்கும் ரோசம். பேச்சு நின்னு போச்சு. வருசா வருசம் சந்தை, வருசா வருசம் தரகன், வருசா வருசம் ஒத்தை விரலு.

ஆனா மனசு கேக்குமா? பவளாயி விடியக் காலையில தண்ணிக்குப் போவா, அக்கரையில தங்கச்சி வீட்டுக் கூரையில பொகை வருதான்னு பாப்பா. பொகை வந்தா, "அடுப்புப் பத்த வெச்சுட்டா, நல்லாத்தான் இருக்கா"ன்னு மூச்சு விடுவா. கொள்ளுப் பருப்புக் கடைஞ்சா, ரங்காத்தாவுக்குப் புடிக்குமேன்னு ஒரு கரண்டி எடுத்து வெப்பா, வெச்சுட்டு அவளே நாய்க்குப் போடுவா. கோடையில ஆத்துல மொழங்கால் தண்ணிதான். நடந்து போயிருக்கலாம். "அவ சின்னவ, அவதான் வரோணும்"னு இவ. "அக்கா பெரியவ, அவ கூப்படட்டும்"னு அவ. ரெண்டு பேரும் ஏங்கிக்கிட்டே இருந்தாங்க, ஆறு பாட்டுக்கு நடுவால போயிக்கிட்டே இருந்துச்சு.

அப்பறம் ஒரு வருசம் மழையே இல்ல. பானையில சோளமில்ல, மாட்டுக்குத் தின்னச் சோளத்தட்டு இல்ல. சந்தைக்குப் பொறப்படறதுக்கு முன்னால பவளாயி காளையைக் கழுவிக்கிட்டே அதுங்கிட்டப் பேசறா. "நான் எதுக்குடா எறங்குனேன்? ஆசையிலயா? இல்லியே, அவ எறங்கிட்டான்னு பயந்துதானே எறங்குனேன். அவளும் என்னாட்டம் பொறந்தவதானே? அவளும் பயந்துதானே எறங்கியிருப்பா. ரெண்டு பேருமே பயந்துதான் எறங்குனோம்னா, மொதல்ல எறங்குனது ஆருடா?"

காளை என்ன சொல்லும், தலையை ஆட்டுச்சு.

சந்தையில குளிர்காத்து அடிக்குது, எல்லாரும் கம்பளி போத்திக்கிட்டு நிக்கறாங்க. தரகன் வந்தான், துண்டைப் போட்டான். "தங்கச்சி நாலுக்கு எறங்கிட்டாங்க அம்மிணி." பவளாயி அஞ்சு விரலையும் குடுத்தா. போனான். திரும்ப வந்தான். "மூணுக்கு எறங்கிட்டாங்க அம்மிணி." அஞ்சு விரலையும் குடுத்தா. போனான். மறுக்கா வந்தான், அந்தக் குளுருலயும் வேர்த்து ஊத்துது. "ஒண்ணுக்கே எறங்கிட்டாங்க! காளையை ஓட்டிக்கிட்டு வெறுங்கையோட போகப் போறீங்களா?"

பவளாயிக்கு வீட்டுப் பானை கண்ணு முன்னால வந்து நிக்குது. ஆனாலும் நெனைக்கறா, 'சோளம் போனாப் போகுது. ஒரு தடவையாச்சும் எந் தங்கச்சி என்னைக் கைவிடலீன்னு நம்பிப் பாத்துட்டுப் போறேன்.' அஞ்சு விரலையும் விரிச்சுக் குடுத்தா. அவன் துண்டை உதறிட்டு ஓடுனான்.

அப்பறம் ஆருமே வரல. பொழுது சாயுது. பவளாயி காளையை அவுக்கலாம்னு எந்திரிக்கறா. அப்பத்தான் தலையோட கம்பளி போத்துன ஒரு ஆளு வந்து எதுத்தாப்புல உக்காந்துச்சு. பேசல. மூஞ்சி தெரியல. ஒரு துண்டைப் போட்டுக் கையை உள்ள நீட்டுச்சு. இன்னொரு தரகன் போலன்னு பவளாயியும் கையை விட்டா, அஞ்சு விரலும் விரிச்சு.

அந்தக் கை ஒவ்வொரு விரலாத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. அஞ்சாவதையும் தொட்டுச்சு. தொட்டுட்டு விடாமப் புடிச்சுக்குச்சு. அப்பறம் மெதுவா, ஒரு கோணல் விரலு உள்ளங்கையைச் சுரண்டுச்சு.

பவளாயி அந்தக் கையை இறுகப் புடிச்சுக்கிட்டா.

"ஏ புள்ள…"

"அக்கா…"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்பறம் பவளாயி கேட்டா, "எப்படிப் புள்ள வந்தே?"

"மூணு தடவை வந்தான்க்கா அந்தத் தரகன். மூணு தடவையும் உங்க அக்கா எறங்கிட்டாங்கன்னான். நானும் ரெண்டுக்கு மடக்கிட்டேன். அதுவும் பத்தாது, ஒண்ணுக்கு வாங்கன்னான். அப்பறம் யோசிச்சேன். நீ எறங்கியிருந்தா உன் காளையைப் புடிச்சுக்கிட்டுப் போயிருப்பானே, எதுக்கு வேர்த்துக்கிட்டு என்கிட்ட ஓடியாரான்? அவன் வாயை இத்தனை வருசம் கேட்டாச்சு, உங் கையை ஒருக்காப் பாத்துரலாம்னு வந்துட்டேன்."

அதுக்குள்ள செங்கோடன் கெழக்கு வாசலுக்கு ஓடுனா அங்க காளை மட்டும் நிக்குது, மேக்கு வாசலுக்கு ஓடியாந்தா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்காங்க. அரமனை ஆளுங்க மாலையோட காத்துக்கிட்டு நிக்கறாங்க. காளை இல்லாமப் போனாத் தலை தப்பாது. வேற வழியில்லாமத் துண்டுக்குள்ள கையை விட்டான். அக்கா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம், அவங் கையைப் புடிச்சாங்க பாருங்க ஒரு புடி!

"ஐயோ, அஞ்சு, அஞ்சு!"ன்னு கத்துனான்.

"வாயால சொல்லக் கூடாதுங்க தரகரே"ன்னா ரங்காத்தா.

சந்தையே சிரிச்சுச்சு. அஞ்சு வண்டி சோளமும் ஆத்தங்கரைக்குப் போயி, பாதி இந்தப் பக்கம் எறங்குச்சு, பாதி அந்தப் பக்கம் எறங்குச்சு. அன்னியிலருந்து செங்கோடன் துண்டுக்குள்ள ஆரும் கை விடல. சந்தைக்குச் சந்தை வருவான், துண்டை விரிச்சுக் கையை உள்ள நீட்டிக்கிட்டே உக்காந்திருப்பான். ஒரு கை வராதான்னு அவனும் ஏங்குனான். ஏங்கட்டும்.

அக்காளும் தங்கச்சியும்? கோடை வந்தா மொழங்கால் தண்ணியில எறங்கி நடந்தாங்க. நடு ஆத்துல பாத்துக்குவாங்க. ஆரு மொதல்ல வரோணும்ங்கற பேச்சே அப்பறம் இல்ல. ஆனா போன வருசமெல்லாம் போனதுதான கண்ணுகளா, அது திரும்பல.

கதை கரை சேந்துச்சு, காளை கோயில் சேந்துச்சு. அவ சொன்னா இவ சொன்னான்னு எவனாச்சும் வந்து சொன்னா, நேராப் போயி அவ கையைப் புடிச்சுப் பாக்கோணும். எங்க, உங்க போர்வைக்குள்ள ஆரு கை அது? கண்ணை மூடிக்கிட்டே சொல்லுங்க பாக்கலாம்.