செத்துப்போன மோட்டார்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மலைமேல் இருந்த மேல் டிவிஷனுக்குத் தார்ச்சாலை வராத காலம் அது. மழை வந்தால் அங்கே ஏற இருந்தது ஒரே ஜீப்தான். சூசைமாணிக்கம் ஓட்டுவார், நர்ஸான நான் பக்கத்தில் இருப்பேன். ஒரு ஆடி மாதம், முன்சக்கரங்களையும் இழுக்கவைக்கும் சின்ன மோட்டார் நின்றுபோனது. மேலே இரண்டு பெண்களுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. வண்டியை மலையிறக்கிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம்.

கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப் மேலாளர் வரதராஜுலு நின்றபடியே சொன்னார்: "மோட்டார் செத்துப்போச்சு. புதுசு வர ரெண்டு மாசமாகும். வண்டி இங்கேயே நிக்கட்டும்."

"சரிங்க சார். செத்ததை மட்டும் குடுத்துடுங்க" என்றார் சூசைமாணிக்கம்.

"எதுக்குய்யா?"

"பத்து வருசம் கூட இருந்ததுங்க. கடைசியா ஒருவாட்டி முகம் பாத்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வரதராஜுலுவும் சிரித்தபடி கழற்றித் தரச் சொன்னார்.

சூசைமாணிக்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். உள்ளே சேறும் துருவும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பேட்டரி ஒயர் இரண்டையும் வைத்தார். மோட்டார் விர்ரென்று சுற்றியது.

சிரிப்பு நின்றது. "எங்கேய்யா கத்துக்கிட்டே?" என்றார் வரதராஜுலு.

"கத்துக்கலீங்க சார். குனிஞ்சு பாத்தேன்."

அதையே மாட்டிக்கொண்டு கிளம்பினோம். முதல் சேற்றில் முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வி ஏறிய அந்த உறுமல் இன்றும் என் காதில் இருக்கிறது.