மேட்டடியில் மாடு ஏன் நின்று பார்க்கிறது

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் நாச்சாத்தாள். என் மூத்த மகள் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஆஸ்பத்திரி வராந்தாவில். அவருக்கும் அது தலைப்பிரசவம். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் நடக்கச் சொல்லியிருந்தார். நடந்துகொண்டேதான் சொன்னார். வலி வந்தபோது மட்டும் கதை நின்றது.

மாடும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் கல்லாங்காடு என்று ஓர் ஊர் இருந்தது. சக்கரம் என்ற ஒன்று அப்போதுதான் புதுசாக வந்திருந்தது. வந்ததுதான் தாமதம், அந்த ஊரில் யாரும் காலைத் தரையில் வைப்பதில்லை. கிணற்றடிக்கு வண்டி. காட்டில் நாலு அவரைக்காய் பறிக்க வண்டி. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கக்கூட வண்டி பூட்டச் சொன்ன பெண்கள் இருந்தார்கள். தப்பித் தவறி யாராவது நடந்து போனால், என்னப்பா, வீட்டில் அச்சு முறிந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டே மானத்தை வாங்கிவிடுவார்கள்.

இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. ஏறின வண்டியிலிருந்து பாதி வழியில் இறங்கக் கூடாது. இறங்கினால் போகிற காரியமும் பாதியில் நின்றுவிடும். கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான், கருமாதிக்குப் போனாலும் அப்படித்தான். தாகம் எடுத்தாலும் வண்டியில் இருந்தபடியே குனிந்து தண்ணீர் மொண்டு குடிப்பார்கள்.

மாடுகள் சும்மா இருக்குமா? விடிந்தது முதல் அடைகிற வரை முணுமுணுப்புத்தான். வைக்கோல் பழசு என்னும். நுகத்தடி உரசுகிறது என்னும். ஈ கடிக்கிறது, இந்தப் பக்கம் வெயில், அவனுக்கு மட்டும் ஒரு பிடி பருத்திக்கொட்டை கூட என்னும். நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, ஊர்க்காரர்களின் காதுக்கு அது செக்கு ஓடுகிற சத்தம் மாதிரி ஆகிவிட்டது. சத்தம் இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த ஊரில்தான் வேலாத்தாள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருசன் சென்னியப்பன் ஒரு ஜோடி மாடு வைத்திருந்தான், ஒன்று மயிலை, ஒன்று செவலை. அவன் தங்கை பாவாயி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வேலாத்தாளுக்கு அவள்மேல் உயிர். கல்யாணமாகி வந்த புதுசில், யாரோடும் பேசத் தெரியாமல் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தவளை முதலில் சிரிக்க வைத்தவள் பாவாயிதான். அண்ணன் பெண்டாட்டியை அவர்கள் பக்கத்து வழக்கப்படி நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் காலையில் பாவாயிக்கு வலி கண்டது. உச்சி வெயிலாகியும் பிள்ளை இறங்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. மருத்துவச்சி இருந்ததோ மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் நெட்டேற்றம் என்கிற மேடு, ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி. சாயங்காலத்துக்குள் கொண்டு போய்ச் சேர்க்காவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று வேலாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது.

சென்னியப்பன் ஓடிப் போய் வண்டி பூட்டினான். பாவாயியைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். பிடித்துக்கொள்ள வேலாத்தாள் ஏறினாள். மாமியார் முத்தாயி ஏறினாள். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் துணைக்கென்று ஏறினார்கள். தாய்மாமன் இல்லாமல் நல்ல காரியமா என்று குப்பண்ணன் ஏறினார். அவர் ஒருவரே இரண்டு மூட்டை கனம். கூடவே வெந்நீர் அண்டா ஒன்று, இருக்கட்டும் என்று ஒரு தொட்டில் கட்டை.

சமதரையில் வண்டி பறந்தது. மாடுகள் பாரம் பாரம் என்று புலம்பிக்கொண்டே ஓடின. மேட்டடிக்கு வந்ததும் மயிலை, "சென்னியப்பா, இந்தப் பாரத்தோட மேட்டுல ஏற முடியாது" என்றது.

"காலையில வைக்கோல் பழசுன்னே. நேத்து ஈ கடிக்குதுன்னே. உனக்கு என்னைக்குத்தான் முடிஞ்சிருக்கு?" என்று அவன் வாலைத் திருகினான்.

ஏறத் தொடங்கினார்கள். பத்து முழம், இருபது முழம். பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டு வேலாத்தாளின் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த இடத்தில் நகம் இறங்கி ரத்தம் கசிந்தது. பாதி மேட்டில் வண்டி தயங்கியது. அப்போதுதான் வேலாத்தாளுக்குச் சுருக்கென்றது. மாடுகள் பேசவில்லை. பிறந்ததிலிருந்து ஓயாத அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. இழுக்கிற மூச்சே போதாதபோது பேசுவதற்கு மூச்சு ஏது?

சக்கரம் ஒரு சாண் பின்னால் உருண்டது.

மயிலை கழுத்தைத் திருப்பியது. சென்னியப்பனைப் பார்க்கவில்லை. வேலாத்தாளைத்தான் பார்த்தது. கோபமில்லை, கெஞ்சலுமில்லை, வெறும் பார்வை.

வேலாத்தாள் குனிந்து தரையைப் பார்த்தாள். இறங்கினால் காரியம் பாதியில் நின்றுவிடும் என்பது வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் கேட்ட பேச்சு. இந்தக் காரியம் பாதியில் நிற்பது என்றால் என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறங்காவிட்டாலோ வண்டி பின்னால் போகப் போகிறது, பள்ளம் அங்கே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. அவள் கண்ணை மூடினாள். ஆத்தா, நான் செய்வது தப்பு என்றால் அதை என் தலையில் போடு, இந்தப் பிள்ளை தலையில் போடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

எதற்காக அவள் நகர்கிறாள் என்று மாமியாருக்குப் புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்தாள். "எறங்காதே, வேலாத்தா. எம்மகளக் கொன்னுபோடாதே."

"தலைப்பை விடுங்க அத்தை" என்றாள் வேலாத்தாள். விடவில்லை. தலைப்பு கிழிய, குதித்துவிட்டாள்.

சுடுகல் பாதத்தைப் பொசுக்கியது. கையில் அகப்பட்ட கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் அண்டை கொடுத்தாள். உருண்டுகொண்டிருந்த வண்டி நின்றது. தோளைச் சக்கரத்தில் வைத்தாள். ஒரு விரற்கடை மேலே நகர்ந்தது.

உள்ளே பாவாயி முனகினாள். "வலி நிக்கல, நங்கையா. கூடிக்கிட்டுத்தான் போகுது."

இறங்கியும் காரியம் நிற்கவில்லை. அந்த ஒரு வார்த்தை போதும். வேலாத்தாள் நிமிர்ந்தாள். "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் எறங்குங்க. முடியாதவ ஒருத்தி மட்டும் வண்டியில இருக்கட்டும்."

எதிர்வீட்டுப் பெண்கள் இறங்கினார்கள். அண்டா இறங்கியது, தொட்டில் கட்டை இறங்கியது. சென்னியப்பன் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். குப்பண்ணன்தான், தாய்மாமன் மரியாதை என்னாவது என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். சொந்த அக்கா முத்தாயியே அவரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, பின்னாலேயே தானும் குதித்தாள். நடந்தறியாத குப்பண்ணனின் பாதம், பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி இருந்தது. முள்ளுக்கு ஒரு ஐயோ, கல்லுக்கு ஒரு ஐயோ. அந்த நேரத்திலும் பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பிலேயே அடுத்த வலியும் வந்துவிட்டது.

எல்லோரும் தோள் கொடுத்தார்கள். மாடுகள் முன்காலை மடித்து ஊன்றி ஒரே இழுப்பு இழுத்தன. வண்டி மேட்டு உச்சியைத் தொட்டது. அந்தப் பக்கச் சரிவில் மருத்துவச்சியின் வீட்டுக் கூரை தெரிந்தது. அவள் வாசலில் வண்டி நிற்கவும் குழந்தை தலை காட்டவும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதது.

முத்தாயி பேத்தியை வாங்கி, முதலில் வேலாத்தாளின் கையில்தான் கொடுத்தாள். கிழிந்த சேலைத் தலைப்பைத் தானே எடுத்து அவள் இடுப்பில் செருகிவிட்டாள்.

சென்னியப்பன் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இனி நீ சொல்வதையெல்லாம் கேட்கிறேன், என்ன வேண்டுமோ சொல்லு என்றான். மயிலை வாயைத் திறந்தது. பிறகு செவலையைப் பார்த்தது. ஆயிரம் தடவை வாயால் சொன்னோம், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தோம், அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். இனி இந்தப் பேச்சு எதற்கு? திறந்த வாயை மூடி அசை போடத் தொடங்கியது. செவலையும் அப்படியே. சேதி தொழுவம் தொழுவமாகப் பரவி, எல்லா மாடுகளும் பேச்சை விட்டுவிட்டன.

மேட்டடிக்கு வந்ததும் மாடு ஒரு கணம் நின்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும், அதைப் பார்த்ததும் தெம்புள்ளவர்கள் வண்டியை விட்டு இறங்கிக் கூடவே நடப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். பிள்ளைத்தாய்ச்சியையும் நோயாளியையும் மட்டும் யாரும் இறங்கச் சொல்வதில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பக்கத்தில் போக ஆட்டோவுக்குக் கை காட்டுவதற்கு முன், ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நடக்க முடியாதவர் யாராவது நின்றிருந்தால், அதை அவருக்கு விட்டுவிட்டு நீங்கள் நடந்து போங்கள்.