எம்.டி.யின் போனில் திறக்காத பதில்

ஏட்டுமாடம் கம்பெனி விற்கும் மின்நூல்கள் அந்தக் கம்பெனியின் வாசிப்புக் கருவியில் மட்டும்தான் திறக்கும். அதற்கென்றே தனி ஃபார்மட் செய்து வைத்திருந்தார் எம்.டி. திருவேங்கடநாதன். நூறு புத்தகம் வாங்கியவன் வேறு கடைக்குப் போக நினைத்தால், நூறையும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். இந்தக் கட்டிப்போடும் வேலைக்கு அவர் வைத்த பெயர் ‘வாசகர் நலன்’.

ஒருநாள் இயக்குநர்கள் கூட்டத்தின் நடுவில், புகார்களுக்குப் பதில் எழுதும் பவளக்கொடியைக் கூப்பிட்டார்.

“செஞ்சியிலேர்ந்து ஒரு அம்மா மூணு கடிதம் போட்டுட்டாங்க. பூட்டைத் திறக்கக் கூடாது, ஆனா வாயை அடைக்கணும். பத்து நிமிஷத்துல பதில் எழுதி என் போனுக்கு அனுப்பு. முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

பவளக்கொடி அனுப்பினாள். எம்.டி. தன் வெளிநாட்டு போனைத் தட்டினார், தடவினார், உலுக்கியும் பார்த்தார். பதில் திறக்கவில்லை.

“என்னத்தை அனுப்பித் தொலைச்சே?”

“நம்ம ஃபார்மட்லதான் சார். நம்ம கருவி உங்ககிட்ட இருக்குமே?”

விளம்பரப் படம் எடுத்த அன்றைக்கு எம்.டி. அதைக் கையில் பிடித்ததோடு சரி.

“அந்தக் குப்பையை யார் தூக்கிட்டுத் திரியறது? எந்த போன்லயும் திறக்கிற மாதிரி சாதாரண ஃபைலா அனுப்பு!”

“மூணு கடிதத்துலயும் அந்த அம்மா கேட்டது அதைத்தான் சார். அவங்களுக்கு நாம சொல்றதையே உங்களுக்கும் சொல்றேன். உங்க நலனுக்காகத்தான் அனுப்ப முடியாது.”

இயக்குநர்கள் எம்.டி.யைப் பார்த்தார்கள். அவர் கேட்டபடியே, பத்து நிமிஷத்துக்குள் ஒரு வாய் அடைத்துப்போயிருந்தது.