மாவடு பிடித்துக் கொடுத்த திருடன்

ஜமீன் பல்லக்குத் தூக்கும் கொப்பையனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி சுத்துப்பட்டில் கிடையாது. பல்லி கத்தினாலே பல்லக்குக்கு அடியில் புகுந்துகொள்வான். ஜமீன்தாரின் வெள்ளி வெற்றிலைப்பெட்டி காணாமல் போனதும், காரியஸ்தர் வேதாசலம் அவனைத்தான் ஜமீன்தார் முன்னால் இழுத்து வந்தார்.

"பச்சரிசியை மென்னு துப்புடா! திருடினவன் வாய் பயத்துல வறண்டுடும், அரிசி நனையாது. நனையலேன்னா சவுக்கடி!"

அதைக் கேட்டதுமே கொப்பையனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஐயா, என் வாய் சும்மாவே காஞ்சு கிடக்கும். எஜமானும் நீங்களும் கூட மென்னா எனக்குத் தைரியம் வரும்."

ஜமீன்தார் சிரித்தபடி ஒரு பிடி போட்டுக்கொண்டார். காரியஸ்தருக்கும் வேறு வழியில்லை. கொப்பையன் மென்றுகொண்டே ஆரம்பித்தான்.

"எங்க வீட்டு ஜாடியில மாவடு ஊறுதுங்க. கடிச்சா நறுக்குன்னு இருக்கும். கடுகும் மிளகாயும் ஊறின அந்தத் தண்ணி இருக்கே..."

ஜமீன்தாரின் மீசையில் எச்சில் வழிந்தது. கொப்பையன் துப்பியது கஞ்சி. அவன் நாக்குக்குப் பயத்தைவிடச் சபலம் பெரிது.

காரியஸ்தர் துப்பினார். மாவு பறந்தது.

வெற்றிலைப்பெட்டி அவர் வீட்டுப் பரணில் கிடைத்தது.

கொப்பையன் தலையைச் சொறிந்தான். "பயந்தாங்கொள்ளிப் பட்டம் ஒண்ணுதான், எஜமான், என் சொத்து. காரியஸ்தர் ஐயா அதையும் எடுத்துக்கிட்டாரே!"